மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிகள்

அண்ணா சாலை மவுண்ட் ரோடு என்று வழங்கிய நாள் தொட்டுத் தன் மணிக்கூண்டோடு நிமிர்ந்து நிற்கும் பி. ஆர் அண்டு சன்ஸ் மாளிகையைக் கடிகாரக் கடை என்று மட்டுமே அறிந்தவர்கள் நம்மில் மிகப் பலர். 1849ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஸ்தாபனம் கடிகாரத்தோடு ரத்தினங்களும், தெய்வ உருவங்கள் புடைத்தெழ அடித்த வெள்ளிப் பாத்திரங்களும் விற்றதை அறிந்தவர் சிலர் இருக்கலாம். துப்பாக்கியும் தோட்டாவும் விற்றதை நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலரே. அந்நாளில் அது அதிசயமாகத் தோன்றியிராது. அதே சாலையில் வியாபாரம் நடத்திய ஓக்ஸ் கம்பெனியாரும் துப்பாக்கி விற்றார்கள். பர்மிங்காமிலோ லண்டனிலோ செய்வித்துக் கப்பலில் வரவழைத்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளின்மேல், உருவாக்கிய தொழிலாளியின் பெயரை விட்டுவிட்டு, விற்ற கடையின் பெயரையும் மதராஸ் என்னும் ஊர்ப் பெயரையும் செதுக்கித் தருவது வழக்கம். அப்படிச் செதுக்கிய குழல்கள் இன்றும் சீமையின் ஏலக்கூடங்களில் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. காட்டெருமைக்காகவும் உள்ளானுக்காகவும் வாங்கிய பொருள் இப்போது அதன்மேல் பொறித்த ஊர்ப் பெயருக்காக விலை போகிறது.

துப்பாக்கியின்மேல் மனிதர் வைக்கும் பிரியம் எக்காலத்தும் ஒரே தன்மையாக இருந்ததில்லை. அது எதை வீழ்த்தித் தரும் என்பதில் ஒரு தலைமுறைக்கு மோகம். அதை எந்தக் கம்மியன் செய்தான் என்பதில் அடுத்த தலைமுறைக்கு. அதைக் கொண்டு ஒரு காகிதத் துண்டில் எத்தனை புள்ளி ஈட்டலாம் என்பதில் அதற்கடுத்ததற்கு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று இன்று நாம் அழைக்கும் பகுதிகளிலும் அவற்றைச் சூழ்ந்த ஊரிலும் இந்த மாறுதல்கள் நிகழ்ந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கின், ரசனை தானாகத் திரும்பிய சந்தர்ப்பங்கள் அரிது என்பது புலனாகும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று சர்க்கார் ஒரு சட்டத்தால் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறது, அல்லது நகரம் ஓர் ஏரியைத் தூர்த்திருக்கிறது.

துப்பாக்கி தமிழ்நாட்டாருக்குத் துரைமார் பொழுதுபோக்காகக் கொண்டுவந்து காட்டிய புதுமையன்று. தென்பாண்டிச் சீமைப் பாளையக்காரரின் ஆட்கள் திரி வைத்துச் சுடும் நீண்ட குழல்களை நன்கு பழகியிருந்தார்கள். அப்பழக்கத்தை வேரறுக்கவே, பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் முதல் தேதி சென்னைக் கோட்டையிலிருந்து கவர்னர் கிளைவ் பிரகடனம் ஒன்றை வெளியிட்டு, தென்னாட்டு ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தார். (பிளாசியில் வென்ற கிளைவ் அல்லர், அவர் மகன்.) 1855ல் தஞ்சை அரசு கம்பெனியார் வசமான பிறகு, அறுபதுகளில், அந்த அரண்மனை ஆயுதசாலையில் குவிந்திருந்தவற்றுள் சிலவற்றைப் பொறுக்கி எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியவற்றில் பெரும்பகுதியை உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். இந்த நாட்டில் துப்பாக்கி சேகரிப்பின் முதல் அத்தியாயம் என்று எதையேனும் சொல்வதானால் இந்தப் பொறுக்குதலைத்தான் சொல்ல வேண்டும். எதை வைப்பது, எதை உருக்குவது என்று அன்று தீர்மானித்தவரின் கண்ணே இன்று நாம் எழும்பூரில் காணும் கண்ணாடிப் பேழைகளை நிரப்பியிருக்கிறது.

அந்த 1801 தடைக்கு முன்பே ஜனங்கள், ஆயுதம் வைத்திருந்தவர்களைப் பற்றிச் சொல்ல நேர்ந்த முதல் புகார்களுள் ஒன்று பறவைகளைக் குறித்தது என்பது சுவையான செய்தி. செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள வேடந்தாங்கல் ஏரியில் சோல்ஜர்கள் வந்து கூடு கட்டிய பறவைகளைச் சுடுவது பொறாமல் கிராமத்தார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798ல் அந்த ஏரிக்குப் பாதுகாப்பு அளித்தார். கிராமத்தாரின் காரணம் வெறும் ஜீவகாருண்யமாக மட்டும் இருந்ததென்று நான் நினைக்கவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஆயினும் காரணம் எதுவாயினும், வேட்டைத் துப்பாக்கிக்கு எல்லை வகுக்கும் எண்ணம் இந்நாட்டில் சட்டசபைகளுக்கு வெகு முன்னரே ஓர் ஏரிக்கரையில் பிறந்துவிட்டது.

மற்ற ஏரிகளுக்கு அத்தகைய பாக்கியம் கிடைக்கவில்லை. ஐப்பசி மழை பெய்து வயல்களில் நீர் தேங்கும் காலத்தில், வடக்கே பனிநாடுகளிலிருந்து வலசை வரும் உள்ளான் குருவி சேற்றில் மூக்கை நுழைத்து மேய வந்திறங்கும். உருவத்தில் சிறியது, நிறத்தில் காய்ந்த புல்லோடு புல்லாக மறைவது, காலடியோசை கேட்டுத் திடீரென்று எழுந்து, இடமும் வலமுமாக ஒடிந்து ஒடிந்து பறப்பது. அதை வீழ்த்துவதே ரவைத் துப்பாக்கிக்காரரின் கைத்திறனுக்குப் பரீட்சை என்பது துரைமாரின் துணிபு. சென்னையைச் சுற்றியிருந்த நஞ்சை நிலம் யாவும் அவர்களுக்குப் பரீட்சைக்களம். கச்சேரி வேலை தொடங்குமுன் விடியற்காலையில் குதிரை வண்டியில் புறப்பட்டுச் சேற்றில் இறங்கிச் சுட்டுவிட்டு, பத்து மணிக்குள் குளித்து மேஜையில் அமர்ந்துவிடக்கூடிய தொலைவில் இத்தகைய வயல்கள் இருந்தமையால், காட்டு வேட்டைக்கு ஒரு மாத ரஜா எடுக்க முடியாத இளம் உத்தியோகஸ்தருக்கு இதுவே பெரும் ஆறுதல். தோட்டா போடும் துப்பாக்கி வருவதற்கு முன், ஒவ்வொரு சூட்டுக்கும் மருந்தும் சக்கையும் ரவையும் குழல்வாயில் இட்டுக் குச்சியால் இடித்துக் கெட்டிக்க வேண்டியிருந்த நாளில், ஒரு காலையில் சுட்டது எத்தனை என்பதைவிடத் தவறவிடாமல் சுட்டது எத்தனை என்பதே பேச்சு. 1860களுக்குப் பின் பின்புறம் மடக்கித் தோட்டா செருகும் துப்பாக்கி பரவியதும் பேச்சு எண்ணிக்கைக்குத் தாவிவிட்டது.

மயிலாப்பூருக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை பிறையாக வளைந்து கிடந்த நீண்ட ஏரி இந்தப் பழைய நிலக்காட்சியின் பெரும் பகுதி. துரைமார் படகுப் பந்தயம் நடத்துமளவுக்கு அதில் நீர் நின்றதுண்டு. நகரத்துக்கு வீட்டுமனை போதவில்லை என்று 1920களின் முற்பகுதியில் அதை வடித்துத் தூர்த்து மாம்பலத்தில் புதிய குடியிருப்பு அமைத்து, நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைச் சூட்டினார்கள். பனகல் பார்க்கைச் சுற்றிப் பட்டும் பாத்திரமும் வாங்க அலைபவர்களுள் எத்தனை பேர் தாம் ஏரி இருந்த நிலத்தில் நடப்பதை நினைக்கிறார்களோ அறியேன். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோட்டில் இப்போது பார்ப்பதற்கு ஏரியில்லை. பெயர் மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நகரம் வளர வளர உள்ளான் வயல் தெற்கே தெற்கே விலகிப் போயிற்று. வயல் தொலைவானால் விடியற்கால வேட்டையும் இல்லை.

சட்டத்தின் கதை இதனோடு இணைகோடாக ஓடுகிறது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878ல் நிறைவேறிய ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிவிட்டு, அதன் விதிகளின் வாயிலாக ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்களித்தது. ஆபத்தின் பேரால் வந்த சட்டம் அவமானமாக உணரப்பட்டது இந்த விலக்கினால்தான். 1887 டிசம்பரில், பதுருதீன் தியாப்ஜி தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மக்கீஸ் கார்டனில் காங்கிரஸ் மகாசபை முதன்முறையாகச் சென்னையில் கூடியபோது ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதே மவுண்ட் ரோட்டில் கூப்பிடு தூரத்தில் துப்பாக்கிக் கடைகள் திறந்திருந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1857ல் நிறுவிய மதராஸ் வாலண்டியர் கார்ட்ஸ் படையில் சேர்ந்த வெள்ளைக்காரக் குமாஸ்தா, சர்க்கார் ரைபிளில் சர்க்கார் தோட்டாவைப் போட்டு வாரந்தோறும் குறி பார்த்துப் பழகலாம்; அவனுக்கு மேலான படிப்பும் சம்பாத்தியமும் உடைய மயிலாப்பூர் வக்கீல், பழக விரும்பினால், மாஜிஸ்திரேட்டிடம் மனுப்போட வேண்டும். சங்கீத சபையிலும் டென்னிஸ் மைதானத்திலும் மனத்தைச் செலுத்திய அந்த வக்கீல்களுள் பெரும்பாலோருக்குத் துப்பாக்கியில் நாட்டமில்லை என்பது மெய்யே. நாட்டமில்லாத பொருளுக்காகவும் உரிமை கேட்டார்கள் என்பதில்தான் அத்தீர்மானத்தின் கௌரவம் இருக்கிறது.

இந்த நிலையில், இந்தியரிடையே துப்பாக்கி இயல்பாகவே ஜமீன்தாருக்கும் பட்டம் பெற்றவருக்கும் உரிய அந்தஸ்துச் சின்னம் ஆயிற்று. ஹாலந்து அண்டு ஹாலந்து, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், பர்டி என்ற பெயர்களை இந்நாட்டு அரண்மனைகள் பக்தியோடு உச்சரிக்கத் தொடங்கிய காலம் அது. சீமையின் துப்பாக்கித் தொழில் இந்தியச் சட்டத்துக்கு எவ்வளவு கட்டுண்டு கிடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கலகக்காரர் கையில் இருக்கக்கூடிய பழைய பட்டாளத் துப்பாக்கிகளுக்கு மருந்து கிடைத்துவிடக் கூடாதென்று, .450 அளவுள்ள ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவர 1907ல் தடை விதித்தார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் அதுவே உகந்ததென்று விற்றுக்கொண்டிருந்த லண்டன் கம்மியர்கள், பெரிய வாடிக்கையை இழக்க மனமின்றி, .465 என்றும் .470 என்றும் .475 என்றும் புதிய அளவுகளைத் தோற்றுவித்தார்கள். ஆப்பிரிக்கக் காட்டில் இன்றும் பேர்பெற்ற அந்த .470 தோட்டா, அடிப்படையில், இந்தியச் சுங்க அதிகாரியின் கண்ணுக்குத் தப்பிப் பிறந்த குழந்தை.

கடற்காற்று வீசும் இந்த ஊரில் நல்ல துப்பாக்கியைக் காப்பாற்றுவதே ஒரு வித்தை. மார்கழிப் பனியும் ஆடி வியர்வையும் உப்புக் காற்றும் கூடி, வார இறுதியில் துடைக்காமல் விட்ட குழலில் அடுத்த வாரமே துருப் புள்ளி வைத்துவிடும். இதற்கு ஐரோப்பியர், இந்தியர் யாவரும் நம்பியிருந்தது ரங்கூன் எண்ணெய். பர்மாவின் மண்ணெண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த அது துப்பாக்கிக்கென்றே சிறு புட்டிகளில் விற்றது. சுடும் நாள் அருகிப்போய்த் துடைக்கும் நாள் மிகுந்த வீடுகளில், பொருளின்மேல் உள்ள பற்று மெல்ல வேறு வடிவெடுப்பதை நாம் ஊகிக்கலாம். மாதந்தோறும் பூட்டைக் கழற்றித் துடைப்பவனுக்கு, டமாஸ்கஸ் குழலில் இரும்பும் எஃகும் முறுக்கிப் பிணைந்து ஓடும் வரிகளும், வாதுமைக் கட்டையின் ரேகைகளும், குதிரையை இழுக்கையில் கேட்கும் இரு படி ஓசையும் மனப்பாடமாகிவிடுகின்றன. வேட்டைக்காரனுக்குள்ளிருந்து சேகரிப்பாளன் எழுவது இந்தத் துடைக்கும் நேரத்தில்தான் என்பது என் எண்ணம்.

சுதந்திரத்துக்குப் பின் இந்த எழுச்சிக்கு இரண்டு உதவிகள் கிடைத்தன. ஐரோப்பியர் பலர் தட்டுமுட்டுச் சாமான்களை மவுண்ட் ரோட்டு ஏலக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் கலைந்தன. சென்னையில் பங்களா வைத்திருந்த குடும்பங்களுக்கு வேட்டைக் காடு கையை விட்டுப் போயிற்று, வேட்டைத் துப்பாக்கி மட்டும் அலமாரியில் தங்கிற்று. காடில்லாத துப்பாக்கியை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரவர் வெவ்வேறு விடை கண்டார்கள்: சிலர் விற்றார்கள், சிலர் சுவரில் மாட்டினார்கள், சிலர் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்த விளையாட்டுக்குச் சர்க்காரே ஆதரவு தந்தது. லோக்சபையின் முதல் சபாநாயகரான ஜி. வி. மவ்லங்கர் தலைமையில் 1951ல் தேசிய ரைபிள் சங்கம் உதயமாயிற்று. மாகாணந்தோறும் ரைபிள் கிளப்புகள் தோன்றின. அன்னியன் ஆண்டபோது பறித்த பயிற்சியைச் சுதந்திர நாடு குடிமகனுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அக்காலத்துத் தலைவர்களின் சிந்தை. 1962ல் சீனப் படையெடுப்பு நிகழ்ந்து, மறு ஆண்டு கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமானபோது, அதுவரை துப்பாக்கியைச் சினிமாவில் மட்டுமே கண்டிருந்த மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி மாணவனும் காக்கி உடுத்து, தரையில் குப்புறப் படுத்து, பாயிண்ட் டூ டூ ரைபிளின் கட்டையைத் தோளில் அணைத்துச் சுட்டான். தயிர்சாதமும் சந்தியாவந்தனமுமாக வளர்ந்த பிள்ளை ஐந்து குண்டையும் ஒரு ரூபாய் வட்டத்துக்குள் அடைத்துவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்த கதைகள் அந்தத் தலைமுறையிடம் நிறைய உண்டு. உயிரைக் கொல்லாத துப்பாக்கி ஒன்று இருக்கக்கூடும் என்பதே அவ்வகைக் குடும்பங்களுக்குப் புதிய தத்துவம்.

துப்பாக்கியைப் பொழுதுபோக்காக அன்றி ஜீவனோபாயமாக வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். முன்புறம் மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, தோளில் பை, காடையும் கௌதாரியும் கட்டிய கோல் என்று நகரத்தின் விளிம்புகளில் அவர்களைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொக்கு சுடும் குறவனின் கைவாகைக் கிளப்பில் பரிசு வாங்கிய கனவான் பெற்றிருப்பானா என்பது ஐயமே. ஆனால் வரலாறு எழுதியவர்களின் அலமாரியில் லண்டன் கம்மியரின் பெயர்கள் இருக்கின்றன. அந்த நாட்டுத் துப்பாக்கியை வார்த்த உள்ளூர்க் கொல்லனின் பெயர் எங்கும் இல்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் அமலுக்கு வந்து, லிட்டன் காலத்துச் சட்டத்துக்கு ஓய்வளித்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே மெய்யான திருப்பம். 1912 முதற்கொண்டு பருவத் தடை, லைசென்ஸ் என்று இலேசான வேலிகள் இருந்தன. 1972 அந்த வேலியை இறுக்கி, வாயிலைப் பெரும்பாலும் அடைத்தது. நரிக்குறவருக்கு அது பட்டினியாக வந்தது. பாசிமணியும் ஊசியும் அவர்களின் முழுநேரத் தொழிலாயின. கனவான்களுக்கோ ஒரு சம்பிரதாயத்தின் முடிவாக மட்டும் வந்தது. கிண்டியில் கவர்னர் மாளிகையை ஒட்டி வேட்டைக் காப்பகமாகப் பேணிய காடு, 1910ல் 505 ஹெக்டேர் பரப்புள்ள ரிசர்வ் காடாக அறிவிக்கப்பட்டு, ஐ.ஐ.டி.க்கும் பிற ஸ்தாபனங்களுக்கும் பகிர்ந்தது போக எஞ்சி, 1978ல் தேசியப் பூங்கா ஆயிற்று. வெளிமான் இப்போது அங்கே கல்லூரிப் பையனின் கைப்பேசிக்கு முகம் காட்டி நிற்கிறது.

வேட்டையின் புலன்களைத் துப்பாக்கியிலிருந்து பிரித்தெடுத்து வேறொரு கருவிக்கு மாற்றியவர்களுள் முதலில் எண்ணத்தக்கவர் மயிலாப்பூர்க்காரரான மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரர், சண்டூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு, அது இணைந்தபின் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டுக்குத் திரும்பியவர், ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996ல் காலமாகும் வரை இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். தாமே இணைத்துக் கட்டிய காமிராவைத் தூக்கிக்கொண்டு யானையின் பின்னால் நடந்து கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களைப் பார்ப்பவர்கள், தடம் பார்த்தல், காற்றின் திசை அறிதல், மூச்சையடக்கிக் காத்திருத்தல் ஆகிய ஷிகாரியின் கலைகள் யாவும் அங்கே உயிரோடிருப்பதை உணர்வார்கள். 1978ல் சென்னை இயற்கையாளர் சங்கம் தோன்றியபோது, அடையாற்று முகத்துவாரத்திலும் பள்ளிக்கரணையிலும் விடியற்காலையில் உள்ளானைத் தேடிச் சேற்றில் நிற்பவர்கள் மறுபடியும் வந்துவிட்டார்கள். இவர்கள் கையிலிருந்தது தூரதரிசினி. எண்ணிக்கையில் மட்டும் பழைய துரைமாரின் மோகம் அப்படியே இருக்கக் கண்டேன்.

சேகரிப்பாளர்களுக்கு எண்பதுகள் விசித்திரமான காலம். 1983ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று வரம்பு வந்தது. அப்பத்தாண்டின் நடுவில் அன்னியத் துப்பாக்கிகள் இறக்குமதியாவது சாமானியருக்கு நின்றுபோனமையால், ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த சீமைத் துப்பாக்கியின் விலை, தரத்துக்குச் சிறிதும் தொடர்பின்றி ஏறிற்று. பட்டாளத் தோட்டாவை ஏற்கும் .303 முதலியவை தடை செய்த அளவுகள். ஆகவே இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிளும் கான்பூரின் .32 ரிவால்வரும் புதிதாக வாங்குவோருக்கு வாய்த்தவை. இந்தக் கட்டத்தில் ரசனை தாழ்ந்ததென்றே சொல்வேன். வேட்டையும் இல்லை, குறிபார்த்தலும் இல்லை. இடுப்பில் இருப்பதாகப் பிறர் அறிந்தால் போதும் என்பதற்காகக் கைத்துப்பாக்கி வாங்குவோர் பெருகினர். 1967 ஜனவரி 12ல் ராமாவரம் தோட்டத்தில் எம். ஆர். ராதாவின் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்த செய்தியை மறவாத இந்த ஊர், அத்தகைய கைத்துப்பாக்கிகளை மரியாதையோடு பார்த்ததாகத் தெரியவில்லை.

லைசென்ஸும் அந்தஸ்தும் இல்லாத சாமானியர் துப்பாக்கியைத் தொட்டது மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலுமே. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், சற்றே வளைந்த குழலுள்ள ஏர் கன், காசு வாங்கிக்கொண்டு ரவை போட்டுத் தரும் கடைக்காரர், பக்கத்தில் தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டல். தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் வாங்கிய சுருள் கேப் துப்பாக்கியிலிருந்து இந்தப் பலூன் துப்பாக்கிக்கு வளர்வது சென்னைக் குழந்தையின் இயல்பான கதி. இடது பக்கம் இரண்டு விரற்கடை தள்ளிக் குறிவைத்தால்தான் பலூன் வெடிக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும். மூன்றாவது முறை வருகிற பையனுக்கும் தெரிந்துவிடும்.

இந்த ஏர் கன்னின் சாதி உயர்ந்தது அண்மைக் காலத்தில்தான். பத்து மீட்டர் ஏர் ரைபிள் 1984ல் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா அதில் தங்கம் வென்றபோது இந்தியப் பெற்றோருக்கு அது படிப்போடு சேர்த்துக் கற்பிக்கத்தக்க வித்தையாகத் தோன்றலாயிற்று. 2012ல் லண்டனில் வெண்கலம் பெற்ற ககன் நரங் பிறந்தது சென்னையில். 2019ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். இதற்கு வயல் வேண்டாம், காடு வேண்டாம். பத்து மீட்டர் நீளமுள்ள ஓர் அறை போதும். ஏரியைத் தூர்த்து வீடு கட்டிய நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான துப்பாக்கி அமைந்திருக்க முடியாது. காகித இலக்கின் நடுவே பத்துப் புள்ளிக்குரிய பொட்டு அரை மில்லிமீட்டர் விட்டமுடையது. அதையும் பத்தாகப் பகுத்து 10.9 வரை கணக்கிடுகிறார்கள். அறுபது சூடும் உச்சமாக அமைந்தால் 654. ஒடிந்து பறக்கும் உள்ளானைச் சுட்டவருக்கு இந்த அசையாப் புள்ளி சலிப்பூட்டியிருக்கும். இவர்களுக்கோ அசைவது இலக்கு அன்று, தம் நாடித்துடிப்பே. 2021ல் சென்னை ரைபிள் கிளப்பின் சார்பில் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டியில் பதக்கங்கள் பெற்றதை அடுத்து, இவ்விளையாட்டின் பெயரைக் கேள்விப்படாத தெருக்களிலும் அது பேசப்பட்டது.

பறக்கும் இலக்கில் மோகமுள்ளவர்கள் அற்றுப்போகவில்லை. களிமண் தட்டை எறிந்து சுடும் டிராப் போட்டியில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் நின்ற பிருதிவிராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச பரம்பரையைச் சேர்ந்தவர். வேட்டைக் காடு பரம்பரைச் சொத்தாக இருந்த குலத்தின் வாரிசு, அதே பன்னிரண்டு போர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றித் தட்டைச் சுடுகிறார். இந்த நாட்டில் ரவைத் துப்பாக்கியின் பழைய வித்தையும் புதிய விதியும் ஒரே குடும்பத்தில் சந்தித்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் அறியேன்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் மீண்டும் திருத்தமாயிற்று. ஒருவருக்கு மூன்று என்பது இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும் என்றார்கள். மிகுதியானதை 2020 டிசம்பர் 13க்குள் ஒப்படைக்க வேண்டும். அதே 2020ன் பிப்ரவரியில் வெளியான விதிகளோ, பேர்பெற்ற போட்டியாளர் பன்னிரண்டு வரை வைத்திருக்க இடந்தந்தன. தொன்மைப் பொருள் வகையில் சேரும் துப்பாக்கியை வாங்கவும் வைக்கவும் லைசென்ஸ் வேண்டாமென்றும், ஆனால் உரிமையாளரின் லைசென்ஸில் அது பதிவாகாதவரை அதற்குத் தோட்டா விற்கலாகாது என்றும் வகுத்தன. இரண்டு நூற்றாண்டாக மனிதர் மனத்தில் நிகழ்ந்துவந்த பாகுபாட்டைச் சர்க்கார் ஒரே ஆண்டில் காகிதத்தில் எழுதிவிட்டது: சுடுபவருக்கு ஒரு கணக்கு, பார்த்து மகிழ்பவருக்கு ஒரு கணக்கு, வெறுமனே வைத்திருப்பவருக்கு ஒரு கணக்கு.

மூன்று வைத்திருந்த வீடுகளுக்கு அந்த ஓராண்டு சங்கடமான ஆண்டு. தோட்டா கிடைப்பது அரிதான பாட்டனாரின் பெரிய ரைபிளை விடுவதே புத்தி என்று கணக்குப் பார்ப்பவர் சொல்லலாம். மவுண்ட் ரோட்டுக் கடையின் பெயர் அதில்தான் இருக்கிறது என்று இன்னொருவர் மறுக்கலாம். தகப்பனார் புறநகர் ஏரிகளில் சுமந்து திரிந்த பன்னிரண்டு போர் துப்பாக்கியை விட யாருக்கும் மனம் வராது. பேத்தி பழகும் பாயிண்ட் டூ டூ எஞ்சுகிறது. அவள் முறைப்படி பதிவு பெற்ற போட்டியாளரானால் அது அவள் பெயரில், அவள் கணக்கில் போய்விடும் என்று தோட்டாக் கடைக்காரர் எடுத்துச் சொல்ல, மனு எழுதி, போலீஸ் கமிஷனர் ஆபீஸுக்குச் சென்று வரிசையில் நின்றார்கள்.